விரல் முட்டியின் நிறம்

எங்கள் கடலோர ஊரான ருஃபிஸ்கின் சந்தையில் பெந்தாவின் கடையும் என் கருவாட்டுப் பலகையும் ஒட்டியே இருந்தன. என் பக்கம் ஈ மொய்க்கும், அவள் பக்கம் பெண்கள் மொய்ப்பார்கள். தோலை வெளுக்க வைக்கும் கிரீமைக் கலந்து விற்பவள் அவள். ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின், ஒரு மரக்கரண்டி, டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய மருந்து ட்யூப்கள், பெயர் ஒட்டாத சில டப்பாக்கள். இவ்வளவுதான் கடை. எதில் எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டால் சிரித்துவிட்டுக் கரண்டியைத் துடைப்பாள். கலந்ததை முதலில் தன் கையில்தான் பூசிப் பார்ப்பாள். அதனால்தான் அவளை அப்படி நம்பினார்கள்.

சந்தைக்கு வந்த புதிதில் அவள் என்னைவிடக் கருப்பு. இன்று சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள். முகம், கழுத்து, கை, கால் எல்லாம் பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. விரல் முட்டிகள் மட்டும் மசியவில்லை. அங்கே தோல் தடிப்பு, எந்தக் கிரீமும் எடுபடாது. ஒருத்தி பிறவியிலேயே சிவப்பா, பூசிச் சிவந்தவளா என்று தெரிய எங்கள் ஊரில் முட்டியைப் பார்த்தால் போதும்.

"முகம் ஒரு ஊரு, முட்டி ஒரு ஊரா இருக்கேடி," என்பேன்.

"உங்க கருவாட்டு நாத்தத்தை நான் பொறுத்துக்கலையா தெனிங் அக்கா? என் முட்டியை நீங்க பொறுத்துக்கோங்க," என்பாள்.

மெக்கானிக் அசானைக் கட்டிக்கொண்டாள். நல்லவன், ஆனால் தன் அக்காள் மகேத்தின் பேச்சுக்கு வாய் திறக்காதவன். இரண்டு முறை பெந்தாவின் வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது. "கூடு மட்டும் அழகா இருந்து என்ன, குஞ்சு தங்கணுமே," என்று சந்தை நடுவிலேயே மகேத் சொன்னாள். பெந்தா அன்று முழுக்கப் பேசினைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது தங்கியது. பிள்ளை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைப்போம். பெயருக்குத்தான் அது பிள்ளையின் நாள். உண்மையில் தாயின் நாள். அவள் உடை மாற்றி உடை மாற்றி நாற்காலியில் உட்கார, ஊரே வந்து பார்க்கும். அதற்காகவே பேறுகாலம் நெருங்க நெருங்கப் பெண்கள் பூச்சைக் கூட்டுவார்கள். பெந்தாவும் கூட்டினாள். ஊருக்கெல்லாம் கலந்தவள், தனக்கென்று கலந்தபோது இருப்பதிலேயே கடுமையானதைக் கலந்தாள்.

"எட்டாம் நாள் நான் விளக்கு மாதிரி உக்காரணும் அக்கா. மகேத் வாயடைச்சுப் போகணும்."

அந்த மாதம் என் பலகை மூலையில் அவள் முழங்கை லேசாக உரசியது. நனைந்த காகிதம் போலத் தோல் விலகியது. அந்தப் புண் ஆறவே இல்லை. அவள் உடம்பில் ஒரு வாடை வந்தது, அதை மறைக்க உடுப்புக்குச் சாம்பிராணிப் புகை காட்டினாள். மீன்காரி மூக்கை ஏமாற்ற முடியுமா?

"நிறுத்துடி. உன் உடம்பு நாறுது."

"நிறுத்தினா முன்னைவிட மோசமாக் கருத்துடும். எட்டாம் நாள் முடியட்டும் அக்கா."

வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். கீறுவதற்கு முன் மருத்துவச்சி சான்யா அம்மாள் கேட்டாள், என்ன பூசுகிறாய் என்று. பெந்தா விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை, பிறவி நிறம்," என்றாள். பெண் குழந்தை, நல்ல எடை, வெளுப்பாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் பிறக்கும்போது வெளுப்புதான். வளர்ந்தால் என்ன நிறம் என்று காது மடல்தான் காட்டிக் கொடுக்கும். "குல்லாவைக் கழட்டாதீங்க அக்கா, காதைப் பாக்க வேணாம்," என்றாள் பெந்தா. நானும் பார்க்கவில்லை.

பெந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. சான்யா அம்மாள் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. என்ன பூசினாங்க?"

சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய தெரியுறது மெல்லிசா ஒரு ஏடுதாம்மா. அதுக்கு அடியில இருக்கிற தோல்தான் தையலைப் புடிச்சு நிறுத்தும், காயத்தை மூடும். இவங்களுக்கு அந்த அடித்தோல் கரைஞ்சு போச்சு. டாக்டர் நூலை இழுத்தா நூல் தோலை அறுத்துக்கிட்டு வருது. காயம் வாயைத் திறந்துடுச்சு. குடலைப் போர்த்தியிருக்கிற சவ்வு வரைக்கும் சீழ் எறங்கிடுச்சு."

"பொழைச்சுப்பாளா?"

"பாக்கலாம்மா."

ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தோல் உரிந்த மீனை நான் உப்புக்குக்கூட எடுப்பதில்லை, ஒதுக்கிப் போட்டுவிடுவேன். அவள் படுக்கையருகே நின்றபோது அந்த நினைப்பு வந்தது. என் மீதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

எட்டாம் நாள் நிற்கவில்லை, அது யாருக்காகவும் நிற்பதில்லை. கிடாய் வெட்டினார்கள். கம்புக் கூழும் தயிரும் பரிமாறினார்கள். தாயின் நாற்காலியில், பெந்தாவுக்கென்று தைத்த மஞ்சள் உடையில், மகேத் உட்கார்ந்திருந்தாள். அசான் சுவரைப் பார்த்து அழுதான். பெரியவர் பிள்ளையின் காதில் 'சோக்னா' என்று அதன் பெயரை ஓதினார். முடி மழிக்கக் குல்லாவைக் கழற்றினார்கள். காது மடல் இரண்டும் நல்ல கருப்பு. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெந்தாவின் முகம் இன்னும் அதே மாம்பழ நிறத்தில் மினுங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"காதைக் காட்டுங்க அக்கா."

காட்டினேன். அவள் கையைத் தூக்கித் தன் விரல் முட்டியைப் பிள்ளையின் காதோடு ஒட்டி வைத்தாள். இரண்டும் ஒரே நிறம். தாய்க்கும் மகளுக்கும் பொதுவாக மிஞ்சியது அந்த இடம்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது அழுவாள், இப்போதாவது புரியும் என்று நான் காத்திருந்தேன்.

"பாவம், என் பொண்ணு," என்றாள். "சின்னதிலேயே பூச ஆரம்பிச்சிடுங்க அக்கா. அப்பத்தான் முட்டிகூட வெளுக்கும். பேசின் வீட்டுல, என் கட்டிலுக்கு அடியில இருக்கு."

சாயங்காலம் போய்விட்டாள். குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. தேய்க்க முடியவில்லை, தண்ணீரை மெல்ல ஊற்ற மட்டும்தான் முடிந்தது.

பேசினை உடைத்துப் போடுவது என்று முடிவு செய்துகொண்டு அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. இப்போது என் பலகைக்குப் பக்கத்தில் மகேத் கடை போட்டிருக்கிறாள், அதே பேசின், அதே கரண்டி. வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. சோக்னாவை மடியில் வைத்துக்கொண்டுதான் கலக்குகிறாள்.