ரீத்தா அக்கா ஏற்றுக்கொண்ட பழி

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் செல்வின் அழைத்தான். "அண்ணாச்சி, ரீத்தா அக்கா போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகதுக்குள்ள முடிஞ்சிட்டு."

கப்பல் ஏஜென்சியில் பல வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர். அலுவலகத்தில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கும் அது தெரியும். ஆனால் தப்பாகத் தெரியும்.

தோணி முதலாளியாக இருந்த அப்பா விட்டுப்போன கறுப்பு அம்பாசிடரை அக்காவே ஓட்டினார், அக்காவே பழுதும் பார்த்தார். அவர் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போவாள். ஊர்ந்துதான் ஓட்டுவார். "பொண்ணு உள்ள இருக்கால்லா. ஊரு பாக்காண்டாமா?" என்பார்.

என் மகள் கல்யாணத்துக்கும் நான் கேட்டேன். முந்தின நாளே பூ அலங்காரத்துக்காக வண்டியை என் வீட்டில் விட்டுவிட்டு, "பெட்ரோல் கொறவாத்தான் கெடக்கு. காலைல நானே பங்க்ல போட்டுக்கிடுதேன். நீ கேன்ல உள்ளத எதையும் ஊத்திராத" என்று சொல்லிப் போனார். காலையில் எதற்கு வீண் தாமதம் என்று நினைத்தேன். ஜெனரேட்டருக்காக வைத்திருந்த பழைய தகரக் கேனை எடுத்து அப்படியே ஊற்றினேன். அதன் வாயைப் பழந்துணியால் அடைத்து வைத்திருந்தோம். காலையில் பெட்ரோல் முள் ஏறியிருந்ததைப் பார்த்து, "போட்டுட்டியால?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

தேவாலயம் இருந்த சாயர்புரத்துக்குப் போகும் வழியில் வண்டி இரண்டு தடவை இழுத்துவிட்டு நின்றது. அக்கா பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். "பெட்ரோல் வரல. குழாய் அடச்சிருக்கு." பம்ப் பக்கம் குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். காற்று போகவில்லை. ரோட்டில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து மறுமுனையையும் கழற்றினார். டிக்கியிலிருந்த கால்பம்பை மாட்டி என்னை மிதிக்கச் சொன்னார். நாலாவது மிதியில் அடைப்பு தெறித்து விழுந்தது. துருவோடு திரண்ட துணி நூல்.

அக்கா அதை விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஓட்ட வண்டிய நம்பி வந்தோமே! கோயில்ல எல்லாரும் காத்துக் கெடக்காவ" என்று என் மைத்துனர் கத்தினார். உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா கையை மூடிக்கொண்டார். "எம்மேலதான் தப்பு அண்ணாச்சி. நேத்தே பாத்துருக்கணும்."

நான் குனிந்து கால்பம்பை எடுத்து டிக்கியில் வைத்தேன்.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அக்கா கடைசி வரிசையில், கறை பிடித்த கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். சாப்பிடாமலே போய்விட்டார். பந்தியில் அந்தப் பேச்சுதான். திங்கட்கிழமை அலுவலகத்திலும் அதுதான். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் வண்டி கேட்டு ஆள் வரவில்லை. ரெண்டு வருடம் கொட்டகையில் நின்ற வண்டியை வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டார். "ஏலே, அன்னைக்குக் கேன்ல உள்ளத ஊத்துனியா?"

"இல்லக்கா" என்றேன்.

"சரி" என்றார். குழம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலும் ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அப்போதும் நான் பேசாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரீத்தா அத்தைகிட்ட சொன்னியளாப்பா?"

"இல்லம்மா."

அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. ஊற்றியவன் நான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த "சரி" மட்டும்தான். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.