தோசைக்கல்லும் பிரேக் தட்டும்

காணும் பொங்கல் என்றால் எங்களுக்கு மாமல்லபுரம்தான். அந்த வருஷம் கடப்பாக்கத்து மாமா பழைய கார் ஒன்று வேறு வாங்கியிருந்தார். ஒன்பது வயசு எனக்கு. முன் சீட்டு எனக்குத்தான் என்று அம்மாவிடம் சத்தியமே வாங்கிவிட்டேன். மாமா வீட்டில் காலை ஆறு மணிக்கே பட்டுப்பாவாடை, வளையல் எல்லாம் போட்டு ரெடி.

மாமாவோ முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் எதிரே குந்தியிருந்தார். ரெண்டு வாரமாய்க் கடல் காற்றில் சும்மா நின்ற வண்டியாம். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு. பிரேக் போட்டால் இரண்டு பக்கமும் பேட் என்கிற கட்டை வந்து அதைத்தான் கவ்விப் பிடிக்குமாம். தட்டு முழுக்கச் செம்மண் பூசினாற்போல் துரு. மாமா டார்ச் அடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். விரல் நகத்தை நடுவிலிருந்து ஓரம்வரை இழுத்தார். நகம் எங்காவது இடறினால் பள்ளம் விழுந்துவிட்டது, பயணம் ரத்து.

“இன்னாய்யா, பொண்ணு கன்னத்த தடவுற மாதிரி தடவிகினு கீற? கிளம்புவியா மாட்டியா?” என்றாள் அத்தை, புளிசாதத் தூக்கோடு.

“இர்றி. மேல் துருதான். நம்ம தோசைக்கல்லு துரு மாதிரி” என்றுவிட்டு டீ குடிக்க உள்ளே போனார் மாமா.

தோசைக்கல்லா! அது எனக்குத் தெரியாதா என்ன? அடுப்படிக்கு ஓடினேன். அரை வெங்காயம், கிண்ணி நிறைய நல்லெண்ணெய். அம்மா கல்லைப் பழக்குகிற மாதிரியே, தம் கட்டித் தட்டைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுத் தேய்த்தேன். என்ன பளபளப்பு! இனி எங்களை நிறுத்த யாரால் முடியும்?

மாமா வந்து சக்கரத்தைத் தூக்கினார். மாட்டும் முன் கடைசியாக ஒருமுறை நகத்தை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மோந்து பார்த்தார். என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பக்கமும் தேச்சியா பாப்பா?”

“இல்ல மாமா, இனிமேதான்.”

மாமா சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “வண்டி இன்னிக்கி ஆவாது. தட்டு தேஞ்சிகீது. பஸ்ல போலாம்.”

“கார் வாங்கின மூஞ்சப் பாரு!” என்று அத்தை ஆரம்பித்தாள். தெருவே கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாமா குனிந்து, கழற்றின நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கோ ஆத்திரம். கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறேன், தேய்ந்துவிட்டதாம்! இவ்வளவு பெரிய மனுஷர் இப்படியா கூசாமல் பொய் சொல்வது?

பஸ்ஸில் ஊரே ஏறியிருந்தது. விசில் என்ன, பாட்டு என்ன, மடிமேல் மடியாகக் குழந்தைகள் என்ன! ஏறின அஞ்சு நிமிஷத்தில் காரே எனக்கு மறந்துபோனது. மாமா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை. வளையல் அழுந்தியது. “வலிக்குது மாமா” என்றால் ஒரு நிமிஷம் தளர்த்துவார். டிரைவர் பிரேக் போட்டதும் மறுபடி இறுக்கிக்கொள்வார்.

கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேனோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.