ஒரு நீளம், மூன்று குட்டை

எங்கள் வீட்டுப் பின்கதவு திறந்தால், மாடிப்படியருகே ஒரு பச்சை விளக்கு ஒரு முறை நீளமாகவும் மூன்று முறை குட்டையாகவும் சிமிட்டும். அதன் பொருள் தெரிந்தவர்கள் இருவர்: சித்தப்பாவும், பத்து வயதான நானும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கீழே அப்பாவின் துணிக்கடை, மேலே வீடு. பக்கத்துக் கடையில் திருட்டு நடந்த வாரம் சித்தப்பா ஒரு எச்சரிக்கைப் பெட்டி செய்து மாட்டினார். அவருக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை ஊரில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலை. மற்றவர்களுக்கு அது கரண்ட் இருப்பதைக் காட்டும் வெறும் விளக்கு. எனக்கு மட்டும் மோர்ஸ் என்ற தந்திக் குறிமொழியைக் கற்றுக்கொடுத்தார்: ஒரு நீளம், மூன்று குட்டை என்றால் 'B', அதாவது 'பேக் டோர்'.

"அப்பாகிட்டகூட சொல்லாதே. நாலு பேருக்குத் தெரிஞ்சா கள்ளனுக்கும் தெரிஞ்சிரும் லா."

"கள்ளனுக்கு மோர்ஸ் தெரிஞ்சா, சித்தப்பா?"

"தெரிஞ்சா என் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்திருப்பான்."

பின்கதவைக் காலையில் குப்பை வைக்க மட்டுமே திறப்போம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் 3.10க்கு விளக்கு சிமிட்டியது. 4.05க்கு மறுபடியும். செவ்வாயும் புதனும் அப்படியே. அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும் மாடியில் தூங்கும் நேரம். யாரோ உள்ளே வந்து, ஐம்பத்தைந்து நிமிடம் இருந்து, போகிறான். எழுந்து பார்க்கப் பயம். நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன். வீட்டில் ஒரு பொருளும் காணாமல் போகாதது பயத்தைக் கூட்டியது.

புதன் மாலை நோட்டைச் சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"காத்தா இருக்கும். எழுதறத விடு."

வியாழன் விளக்கு சிமிட்டவே இல்லை. நானே பின்கதவைத் திறந்து பார்த்தேன், அப்போதும் இல்லை. சித்தப்பாவிடம் சொன்னேன்.

"எலி கடிச்சிருக்கும் லா. ஞாயித்துக்கிழமை பாக்கிறேன்."

எலியல்ல, கள்ளன்தான் கம்பியை அறுத்துவிட்டான் என்று எனக்கு உறுதி. வெள்ளி 3.20க்குப் பின்கதவு வரை போனேன். தாழ்ப்பாள் நீக்கியிருந்தது. ஓடிப்போய்க் கடையின் உபரிப் பூட்டைக் கொண்டுவந்து உள்பக்கமாகப் பூட்டினேன்.

நான்கு மணிக்குக் கனமழை. சற்று நேரத்தில் பின்கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, விட்டு விட்டு. படிக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டல் நின்றது.

பிறகு அத்தை கடை முன்வாசல் வழியே வந்தாள், தலையிலிருந்து நீர் சொட்ட. எங்களுக்குத் தெரியாத ஒருவர் அவளுக்குக் குடை பிடித்திருந்தார். அப்பா சேலை அளந்துகொண்டிருந்தார். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள்.

"உள்ள போ," என்றார் அப்பா. அத்தையிடம் அதற்குப் பிறகு பல நாள் அவர் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் அத்தையை ஈப்போவில் கட்டிக்கொடுத்தார்கள். குடை பிடித்தவருக்கு அல்ல.

என் நோட்டில் அந்த வெள்ளிக்கான வரி இன்னும் இருக்கிறது, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு: "3.25. பின்கதவு பூட்டியாச்சு. எல்லாரும் பத்திரம்."

அந்த வெள்ளிக்கு அடுத்து வந்த ஞாயிறு சித்தப்பா பெட்டியைக் கழற்றினார். என்னைத் திட்டவில்லை, பூட்டின் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்கதவிலிருந்து வந்த கம்பியின் நுனியில் கறுப்பு டேப் ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றியிருந்தது. எலி கடித்த கம்பிக்கு யார் டேப் சுற்றினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.