ஒரு பக்கம் சுகம்

சிட்னியில், முதியோரைப் பராமரிக்கிற அந்த லிட்கம் நேர்சிங் ஹோமில் பவளம் துடைக்காத பொருள் என்று ஒன்றும் இல்லை. கட்டில் கம்பி, கதவுக் கைபிடி, டீவி ரிமோட், பல்செட் போடுகிற பெட்டி, சுவரில் தொங்குகிற இயேசுநாதர், எல்லாம் அவள் கை பட்டவைதான். சட்டைப் பையில் எந்நேரமும் கிருமி கொல்லும் ஈரத் துடைதாள், அல்கஹோல் வைப்ஸ், ஒரு பைக்கற் இருக்கும். கொரோனா வந்து மற்றவர்கள் பழகியதை அவள் பதினைந்து வருசம் முந்தியே பழகியிருந்தாள். “பவளம் அன்ரி நிக்கிற இடத்தில கிருமிக்கு விசா இல்லை” என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

துடைப்பதற்கு அடுத்தபடியாக அவள் விடாமல் செய்தது எழுதுவது. அங்கே ஆராவது விழுந்தால் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும். மூக்குக் கண்ணாடி உடைந்தால், மாத்திரை கொடுக்கப் பிந்தினால், அதற்கும் எழுத வேண்டும். புதிதாக வந்தவர்கள் பயந்து மறைக்கப் பார்ப்பார்கள். “எழுதினா வேலை போகாது பிள்ளை. எழுதாம விட்டதுதான் பிறகு வந்து கழுத்தைப் பிடிக்கும்” என்பாள். இருபத்தொரு வருசத்தில் அவள் எழுதியது எத்தனையோ. தன் பேரில் எழுதி, முடிக்க முடியாமல் விட்டது ஒன்றே ஒன்று. இது அதன் கதை.

பதினாலாம் நம்பர் அறையில் ஹோலிஸ் இருந்தார். எழுபத்தெட்டு வயது, கறுப்பு அமெரிக்கர், ஜோர்ஜியாவில் ஒரு பருத்திக்காட்டு ஊரில் பிறந்தவர். வியட்நாம் போருக்குப் போன இடத்திலிருந்து ஒரு கிழமை லீவில் சிட்னி பார்க்க வந்து, ஒருத்தியைக் கண்டு, பட்டாளத்தை விட்டதும் திரும்பி வந்து அவளையே கட்டியவர். முப்பது வருசம் இங்கே ரயில் பெட்டி திருத்தினார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. மகள் பேர்த் நகரத்தில். மறதி நோய் வந்த பிறகு மகளின் பேர்கூடச் சில நாள் வரும், சில நாள் வராது. தாயின் பேர் மட்டும் எந்நாளும் வரும். ஐடா.

அந்த ஐடாவின் குரல் அலுமாரிக்கு மேலே, ஒரு பழுப்புக் கடதாசி உறைக்குள் இருந்தது. கடையில் வாங்குகிற இசைத்தட்டு அல்ல அது. ஹோலிசுக்கு ஆறு வயதாயிருந்தபோது, றேடியோ திருத்துகிற கடைக்காரர் ஒருவர், தட்டிலே நேரடியாகக் குரலைக் கீறுகிற மெஷின் ஒன்றை அவர்களுடைய சேர்ச்சுக்குத் தூக்கி வந்தாராம். ஒரு பக்கத்தில் சேர்ச் சனம் முழுக்கச் சேர்ந்து பாடிய தோத்திரம். மறுபக்கத்தில் ஐடா தனியே நின்று பாடிய, தானே கட்டிய பாட்டு. வேறு பிரதி உலகத்தில் இல்லை. ஊசி வைக்க வைக்கத் தேயும் என்று ஹோலிஸ் அதைப் போடுவதையே எப்போதோ நிறுத்திவிட்டார். ஆறு வருசமாக அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிட்ட பவளம், அந்தப் பாட்டை ஒரு தரமாவது கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் ஒரு கேள்விதான். காலையில் கதிரையை ஜன்னலடிக்கு இழுத்து, கழுத்தில் துவாயைப் போட்டதும் அவர் கேட்பார்.

“மிஸ் பவி, அம்மா சுகமா?”

பவளம் உறையை எடுத்துக் காட்டுவாள். “சுகம், அங்கிள்.”

அதற்குப் பிறகுதான் கன்னத்தைக் காட்டுவார். பேச்சு இங்கிலிசில்தான். ஆனால் கை வேலையில் இருக்கும்போது பவளத்தின் வாயில் தமிழ்தான் வரும். “தலையை இஞ்சால திருப்புங்கோ” என்றால் அவர் திருப்புவார். அந்தளவுக்குப் பழகிவிட்டது.

தட்டைப் பிரதியெடுக்க ஆள் பிடித்தது மகள். பக்கத்துப் பகுதியான ஸ்ட்ராத்ஃபீல்டில், பழைய அமெரிக்கப் பாட்டுத் தட்டுகளைத் தேடி எடுத்து, கணினியில் ஏற்றி, ஆரும் கேட்கலாம் என்று இணையத்தில் இலவசமாக விடுகிற சின்னச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வந்தவன் அப்ஹாம். கிழமை நாளில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர். சனிக்கிழமைகளில் இந்தப் பைத்தியம்.

“கண்டியில பிறந்த ஆளுக்கு ஜோர்ஜியாப் பாட்டில என்ன தம்பி அலுவல்?” என்று பவளம் கேட்டாள்.

“எங்கட வாப்பாவும் இதத்தான் கேட்டாரு அக்கா. எனக்கு நாப்பத்தாறு வயசு. இன்னும் பதில் கெடைக்கல்ல.”

அவன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தான். வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. வாற சனிக்கிழமை மெஷினோடும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வெள்ளையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் மூன்று நாளுக்கு முன்பே திரைச்சீலையைக் கழற்றித் தோய்க்கிறவள் பவளம். புதன்கிழமை மத்தியானம், ஹோலிஸ் சாப்பிட்டு நித்திரையானதும், அவளுக்குத் தட்டின் நினைவு வந்தது. மூன்று பேர் வரப்போகிறார்கள். பூஞ்சணம் பிடித்த தட்டை எப்படி அவர்கள் கையில் கொடுப்பது? ஹோலிசை என்ன நினைப்பார்கள்? பார்த்துக்கொள்கிற எங்களை என்ன நினைப்பார்கள்? உறையிலிருந்து தட்டை எடுத்தாள். வைப்ஸ் ஒன்றைப் பிரித்தாள்.

பூஞ்சணம் லேசாகப் போனது. தட்டு மினுங்கியது. தன் வேலை தனக்கே பிடித்துப்போய் இன்னொரு சுற்றும் துடைத்தாள். இரண்டாவது வைப்ஸைப் பிரித்தபோதுதான் முதலாவதைப் பார்த்தாள். கரிபோலக் கறுப்பு. ஊத்தை அப்படிக் கறுப்பாய் இராது. விரலை வைத்துப் பார்த்தாள். தட்டு விரலில் ஒட்டியது. நூல் நூலாய் வரி ஓடிய இடம் மழுங்கி, விரல் அடையாளம் அதில் பதிந்திருந்தது.

நடுவில் ஒட்டியிருந்த வட்டக் கடதாசியில் பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்தாள். ‘ஐடா, தனியே.’

கட்டில் விளிம்பில் இருந்தாள். தட்டை மெல்லத் திருப்பினாள். மறுபக்கம் வெள்ளை படிந்தபடி, தொடாமல், அப்படியே இருந்தது. அதுவரைக்கும் நல்லகாலம். உறைக்குள் வைத்து, உறையை அலுமாரிக்கு மேலே வைத்தாள். கறுத்த வைப்ஸைக் குப்பையில் போடப் போனவள், போடாமல் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

சொல்லாமல் விடலாம். எழுபது வருசத்துப் பொருள். சனிக்கிழமை அப்ஹாம் பார்த்துவிட்டுப் பழசு என்பான், ஆரும் அவளைக் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. மகன் கேட்டதற்குத் தலையிடி என்றாள். சண்டைக்குள் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது, குடும்பப் படங்கள் இருந்த பெட்டியைக் கொண்டுவர முடியாமல் விட்டவள் அவள். ஒன்றுதான் இருந்தது, அதுவும் இல்லை என்றால் என்ன என்பது அவளுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வியாழக்கிழமை காலை ஹோலிஸ் கேட்டார். “அம்மா சுகமா?”

“சுகம், அங்கிள்.”

அவர் நம்பிக் கன்னத்தைக் காட்டினார். சவரக்கத்தி தாடைக்குக் கீழே சின்னதாய் வெட்டிவிட்டது. அந்த வெட்டை அவள் முறைப்படி எழுதினாள். எழுதிய பிறகு அடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் கேட்டபோது வாயில் பொய் வரவில்லை. “அங்கிள், நான் ஒரு பிழை விட்டிட்டன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழவில்லை. தாய் அப்போதுதான் போனதுபோல, வாயைத் திறந்தபடி மூச்சு மட்டும் வந்து போனது.

பொறுப்பு நேர்ஸ் ப்ரீத்தி ஓடி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, வயதில் சின்னவள். பவளத்தை வெளியே இழுத்துப் போனாள்.

“ஏன்க்கா சொன்னீங்க? நாளைக்கு அவருக்கு இது ஞாபகமே இருக்காது. திரும்பக் கேட்பார். திரும்பச் சொல்வீங்களா? தினமும் அவங்க அம்மாவை நாம சாகடிக்கணுமா?”

“அப்ப தினமும் பொய் சொல்லச் சொல்றீரோ?”

ப்ரீத்தி ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “சரி, ரிப்போர்ட் எழுதுங்க. அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.”

பவளம் எழுதினாள். என்ன நடந்தது, எத்தனை மணி, ஆர் செய்தது. கடைசிக் கட்டத்தில், இதைச் சரிசெய்ய என்ன செய்யப்பட்டது என்று கேட்டிருந்தது. அதை மட்டும் வெறுமையாய் விட்டுக் கையெழுத்து வைத்தாள். அன்று பின்னேரமே ப்ரீத்தி மகளுக்கும் அறிவித்தாள்.

சனிக்கிழமை அப்ஹாம் வாசலில் காலணியைக் கழற்றும்போதே பவளம் சட்டைப் பையிலிருந்த வைப்ஸை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதையும் அவளையும் பார்த்தான்.

“அல்கஹோலா?”

“ஓம் தம்பி.”

அவன் வைப்ஸை விரித்து வெளிச்சத்தில் பிடித்தான். “அந்த வெள்ளை பூஞ்சணம் இல்ல அக்கா. மேல்பூச்சுக்கு வயசு போனா வாற பொடி. தொடவாணாம்னு நானும் சொல்லல்லயே.”

“குற்றத்தைப் பங்கு போட வேண்டாம். வாரும், மற்றப் பக்கத்தையாவது எடும்.”

மற்றப் பக்கம் வந்தது. ஒராள் ஒரு வரியைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க, சனம் அதை வாங்கி இழுத்து இழுத்து, கடலலைபோல் ஏற்றி இறக்கியது. பஜனையில் நடக்கிற காரியம்தான். ஆனால் இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு பாடுகிறவர்களைப் பவளம் கேட்டதில்லை. பிறகு தட்டைத் திருப்பினார்கள். இரைச்சல். ஓரத்தில் ஒரு பெண் பாடத் தொடங்குமுன் மூச்சை இழுக்கிற சத்தம். அதற்கப்பால் இரைச்சல்.

அப்ஹாம் ஊசியை மாற்றினான், வேகத்தை மாற்றினான். ஒரு மணித்தியாலம் பார்த்தான். “போயிட்டுது அக்கா” என்றான்.

அந்தப் பாட்டு இனி ஹோலிசின் தலைக்குள் மட்டும்தான். அவர் முன்னால் மைக்கை வைத்து, பாடுங்கள் ஐயா என்று சங்கத்து வெள்ளைக்காரர் பணிவாய்க் கேட்டார். ஹோலிஸ் மைக்கைப் பார்த்தார். “பாடுவது அம்மா. நான் இல்லை.” வாயை மூடினார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பவளத்துக்கு லீவு. திங்கள் காலை, கன்னத்தில் நுரை பூசி முடித்திருந்தாள். அவர் அன்றைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டார்.

“அம்மா சுகமா?”

சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பவளம் நின்றாள். வெளியே வண்டிலில் தேத்தண்ணி வருகிற சத்தம் கேட்டது.

“ஒரு பக்கம் சுகம், அங்கிள். மற்றப் பக்கத்தை நான் பழுதாக்கிப் போட்டன். அம்மா தனியப் பாடினது. நான் அதைக் கேட்டதேயில்லை. அது எப்பிடிப் போகும்?”

அவர் முகம் உடையத் தொடங்கியது. பிறகு, கேள்வி அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் நிமிர்ந்தார். “கேட்டதே இல்லையா?” ஒரு பக்கம் நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். வடக்கே வேலைக்கு ரயிலேறிப் போய் ஒரு கடிதமும் போடாத தன் தம்பியைப் பற்றி ஐடா கட்டிய பாட்டு. ரயிலைத் திட்டுகிறாள். தண்டவாளத்தைத் திட்டுகிறாள். தம்பியை மட்டும் திட்டவில்லை. இரண்டு பந்தி பாடிவிட்டு, நுரை வாய்க்குள் போனதும் நிறுத்தினார். பவளத்தின் கையில் சவரக்கத்தி காய்ந்து போயிருந்தது.

அவர் சவரக் கதிரையில்தான் பாடினார், அவளுக்கு மட்டும்தான் பாடினார். பதிவு செய்யுங்கள் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அப்ஹாம் வேலைக்குப் போகுமுன் ஏழு மணிக்கு வந்து, சவரக் கண்ணாடிக்குப் பின்னால் குண்டுமணி அளவு மைக்கை ஒட்டிவிட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தான். நாலு காலை. நாலு தரமும் பவளம் பிழையை முதலில் சொல்லி, பிறகு பாட்டைக் கேட்டாள். ஒரு நாள் அவர் அழுதபடி பாடினார். ஒரு நாள் கோபத்தில் துவாயை எறிந்துவிட்டுப் பாடவே இல்லை. அவள் துவாயைப் பொறுக்கிக்கொண்டு, அன்றைக்கு உரியது அது என்று விட்டாள். மூன்றாம் பந்தி கடைசி நாளில் மட்டும்தான் வந்தது. அதில் தம்பியின் பேர் இருந்தது.

அடுத்த மாதம் அப்ஹாம் சங்கத்தின் இணையப் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்து காட்டினான். “இங்க பாருங்க, நடுவுல உங்கட குரல். ‘தலையை இஞ்சால திருப்புங்கோ.’ வெட்டவா?”

“அதை விடும். கீழ என்ன எழுதியிருக்கிறீர்?”

‘இரண்டாம் பக்கம் காலத்தால் பழுதடைந்தது. பாட்டு மகனின் நினைவிலிருந்து.’

பவளம் கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் வாசித்தாள். “காலம் எங்க தம்பி பழுதாக்கினது? காலம் எழுபது வருசம் ஒழுங்காத்தானே வைச்சிருந்தது. நான் மூண்டு நிமிசத்தில செய்தது.”

“அக்கா, இன்டர்நெட்ல உங்கட பேரு என்னத்துக்கு? மகள்காரி ஒண்டும் சொல்லல்ல. நீங்களா ஏன்…”

“போடும். என்னத்தால துடைச்சது எண்டும் போடும். எங்கேயோ ஒரு அறையில இன்னொருத்தி, ஆக்கள் வரப்போறாங்கள் எண்டு, என்னைப்போல வைப்ஸோட நிப்பாள்.”

அவன் அங்கேயே நின்று மாற்றினான். அவள் வாசித்துத் தலையாட்டிய பிறகுதான் போனான். அன்று ப்ரீத்தியிடம் கேட்டுத் தன் பழைய ரிப்போர்ட்டை வாங்கி, வெறுமையாய் விட்ட கட்டத்தில் எழுதினாள்: ‘முழுதாகச் சரிவரவில்லை. பாட்டு எழுதி, பதிந்து வைக்கப்பட்டது. ஆளிடம் சொல்லப்பட்டது.’ சொல்லப்பட்டது என்பதை வெட்டிவிட்டு, சொல்லப்பட்டு வருகிறது என்று திருத்தினாள்.

குளிர்காலம் தொடங்கும்போது ஜோர்ஜியாவிலிருந்து சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹோலிஸ் பிறந்த ஊர் சேர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிற பெண் எழுதியிருந்தாள். போன ஞாயிறு ஐடாவின் பாட்டை மூன்று பந்தியும் பாடினார்களாம். நடுவில் ஒரு பெண் ஏதோ பாஷையில் சொல்வது என்ன, அதுவும் பாட்டில் சேர்ந்ததா என்று கேட்டிருந்தாள். அப்ஹாம் கொண்டுவந்து காட்டியதை வாசித்து ப்ரீத்தி சிரித்தாள். பவளத்துக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கனநேரம் நிற்கவில்லை.

மறுநாள் காலை கதிரையை ஜன்னலடிக்கு இழுத்து, துவாயைப் போட்டு, அவர் கேட்குமுன்னமே சொன்னாள். “அங்கிள், உங்கட ஊரில போன ஞாயிறு அம்மான்ர பாட்டைப் பாடினவையாம்.”

ஹோலிஸ் யோசித்தார். “அது தட்டில் அல்லவா இருக்கிறது?” என்றார். அலுமாரிக்கு மேலே பார்த்தார். “மிஸ் பவி, அம்மா சுகமா?”

பவளம் சவரக்கத்தியைக் கழுவி ஒரு பக்கமாய் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.