நட்ட நடுவில் ஏன் கட்டுகிறார்கள்?

தேவகிக்கு ஊரில் ‘விசாரணை கமிஷன்’ என்று பேர். 1993இல் கல்யாணமாகி வந்த மறுநாளே, வீட்டுப் பித்தளை அண்டாவில் வேறு யார் பேரோ பொறித்திருக்கிறதே, அது யார் என்று நாத்தனாரைக் கேட்டு, ஆறிக் கிடந்த பங்காளிச் சண்டையைக் கிளறிவிட்ட புண்ணியவதி. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஒரு விஷயம் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் அந்த ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் அவள் சத்துணவு சமையல்காரி. பள்ளிக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மைதானம். நாலு மழை பெய்தால் அறுகம்புல் மண்டிப் பச்சைப்பசேல் என்று கிடக்கும். அதன் ஒரு மூலையில் வாலிபால் கோர்ட். போட்டவன் அவள் புருஷன் வேணு. கல்யாணமான வருஷமே இரண்டு இரும்புக் கம்பத்தை சிமெண்ட் போட்டு நட்டான். லாரி ஓட்டுகிறவன். எந்த ஊருக்கு லோடு போனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோர்ட்டில் நிற்பான்.

2010இல் பள்ளிக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள் வர ஆர்டர் ஆனது. ஜூனுக்குள் கட்டட வேலையைத் தொடங்காவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். பிளான் வந்தது. பார்த்தால், கட்டடம் மைதானத்தின் நட்ட நடுவில்! ஊர் கொதித்துப்போனது.

“புள்ளைங்க இனிமே எங்க ஓடும், ரோட்டுலயா?” என்று முதல் ஆளாகக் கிளம்பியவன் வேணு. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்துவிட்டான். வேலை தொடங்காமலே நின்றது.

தேவகிக்கு வேறு கவலை. மகள் சங்கவி அப்போதுதான் பத்தாவது பரீட்சை எழுதியிருந்தாள். “பஸ் ஏறிப் போயெல்லாம் படிக்க வேணாம். இங்க பிளஸ் ஒன் வந்தா படிக்கட்டும்” என்று வேணு முன்னமே சொல்லியாயிற்று. வராவிட்டால்? வேறென்ன, அடுத்த தையில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அதற்காக மைதானத்தைப் பறிகொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. ஆனால் ஒன்று மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. மூன்று ஏக்கர் கிடக்க, ஏன் நடுவில்? வேணுவைக் கேட்டாள்.

“கமிஷன் அடிக்கத்தான். வேற இன்னாத்துக்கு?”

நடுவில் கட்டினால் மட்டும் கமிஷன் கூட வருமா? டீக்கடை மாசிலாமணியைக் கேட்டாள். “வாஸ்துவா இருக்கும்மா” என்றார். அட கடவுளே, சர்க்கார் கட்டடத்துக்கு வாஸ்துவா!

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் சத்துணவைத் தலைமையாசிரியர் ருசி பார்ப்பது வழக்கம். மறுநாள் தட்டோடு போனவள், தலைமையாசிரியர் அரங்கநாதன் ஒரு வாய் வைத்ததும் கேட்டுவிட்டாள். “ஏன் சார், ஓரமா கட்டக் கூடாதா?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “இன்ஜினியர் மொதல்ல மூலையிலதாம்மா குறிச்சாரு. நான்தான் வேணாம்னேன். மத்த மூலையெல்லாம் தண்ணி தேங்கற பள்ளம், அந்த மூலையில உங்க வீட்டுக்காரரு கோர்ட் இருக்குதே. அதுல கைவச்சா சும்மா விடுவாரா? எதுக்கு பேஜாருன்னு நடுவுல தள்ளச் சொன்னேன்.”

“அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?”

“அவர்கிட்ட யாரும்மா கேக்கறது?”

தேவகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையல்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது. எல்லாம் இந்த மனுஷனுக்குப் பயந்தா?

சாயங்காலம் வேணுவிடம் அப்படியே சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று. “எங்கிட்ட கேக்கறதுக்கு இன்னா பயம்? நான் இன்னா புலியா, கரடியா?”

“நானும் பயந்துக்கினுதானே இருக்கறேன்” என்றாள் தேவகி. “ஊர்ல ஒருத்தரை விடாம கேள்வி கேக்கறேன். பொண்ணை பஸ்ல அனுப்பினா இன்னான்னு உங்ககிட்ட ஒரு வாட்டி கேட்டிருக்கறனா?”

சங்கவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அதுதான் அவனைச் சுட்டது.

மறுநாள் காலையில் கடப்பாறையோடு மைதானத்துக்குப் போனான். பதினேழு வருஷத்து சிமெண்ட், லேசில் விடுமா? கை கொப்பளித்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. கூட ஆடுகிற தேவநாதன் ஒன்றும் சொல்லாமல் வந்து மறுபக்கம் பிடித்தான். இரண்டு கம்பங்களும் சாய்ந்தபின் வேணு நேரே அரங்கநாதனிடம் போய், “மூலையிலயே கட்டுங்க சார், மனுவை நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சங்கவியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தான்.

“ரூம் கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆவுமாம். அதுவரைக்கும் திண்டிவனத்துக்கு பஸ்ல போய் வர்றியா?”