ஐந்தாம் குழியின் வலது பக்கம்

நான் கோல்ஃப் விளையாடுவேன் என்று சொன்னால் எங்கள் ஊர் மந்தினில் யாரும் நம்புவதில்லை. நான் விளையாடுவதை நேரில் பார்த்தவர்களும் நம்புவதில்லை.

லாபு பக்கம், செம்பனைக் காட்டுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட பழைய திடல் அது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். நான் அங்கே புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறேன். திங்கட்கிழமை காலையில் கிளப் மூடியிருக்கும். அந்த நேரத்தில் வேலைக்காரர்கள் விளையாடிக்கொள்ளலாம் என்பது ரொம்ப காலமாக இருக்கும் வழக்கம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு ஓடிவந்தவன் நான். கூட்டல் வரும், கழித்தல் வராது. கோல்ஃபுக்கு அது போதும். அடித்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். நூற்று நாற்பதைத் தாண்டும்போது கூட்டலும் வராமல் போய்விடும், அவ்வளவுதான் சங்கடம்.

என் பந்து எங்கே பார்த்து அடித்தாலும் வலது பக்கம்தான் போகும். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, என்னையும் மச்சான் என்றே கூப்பிடுகிறவன், அதே கிளப்பில் தண்ணீர்க் குழாய் பார்க்கிறவன், ஒவ்வொரு திங்களும் இதைச் சொல்லிக் காட்டுவான். உங்கள் பந்துக்கு லைசென்ஸ் எடுத்தபோது இடது பக்கம் திரும்பச் சொல்லிக் கொடுக்கவில்லையா என்பான். நானும் சிரிப்பேன். ஐந்தாம் குழியில் மட்டும் அந்த வலது பக்கம் எனக்கு வேண்டியிருந்தது என்பதை அவனிடம் சொன்னதில்லை.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. பதினொரு நாள் இருந்தது. அப்போது நாங்கள் திடலை ஒட்டிய தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தோம். பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை. பெரியவர்களோடு சேர்த்துப் புதைப்பதும் இல்லை. இடுகாட்டு ஓரத்தில், திடலை ஒட்டி நின்ற மரவரிசைக்கு அடியில் வைப்பார்கள். கல் வைக்கமாட்டார்கள், பெயர் எழுதமாட்டார்கள். பெண்கள் வரக்கூடாது. நானும் என் அப்பாவும் குழி வெட்டுகிறவரும் போனோம். மண்ணைத் தள்ளி முடித்ததும் குழி வெட்டியவர் என் தோளைத் தட்டி, "ஏழாவது மரம்ப்பா, மறந்துறாத" என்றார்.

அப்பா போய்விட்டார். குழி வெட்டியவரும் போய்விட்டார். என் மனைவி அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. ஆக, இந்த உலகத்தில் அந்த இடம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். கடைக்கு மூன்று சாமான் வாங்க அனுப்பினால் இரண்டோடு திரும்பி வருகிறவன்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். இடுகாடு மண்மேடாகி, புல் மூடி, திடலோடு சேர்ந்துபோனது. இப்போது அது ஐந்தாம் குழிக்கு வலது பக்கம். வேலைக்காரர்கள் யாரோ மரத்தடியில் சூடம் கொளுத்திவிட்டுப் போக, ஒரு மெம்பர் புகார் சொல்லி, திடலில் சாமி காரியம் எதுவும் கூடாது என்று ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் என் வழியில் செய்தேன். வருடத்தில் குழந்தை போன நாளை ஒட்டி வரும் திங்கட்கிழமை, கோல்ஃப் ஸ்டிக் பைக்குள் ஒரு போத்தல் பாலை வைத்துக்கொள்வேன். ஐந்தாம் குழிக்கு வந்ததும் வழக்கம்போல அடிப்பேன். பந்து வலது பக்க மரங்களுக்குள் போகும். தேடுவது போல உள்ளே போய், ஏழாவது மரத்தடியில் பாலை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான். என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இந்த வருடமும் மனைவி விடிவதற்குள் பால் காய்ச்சி, ஆறவைத்து, போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். எல்லா வருடமும் சொல்வதையே சொன்னாள்.

"ஆறிருச்சான்னு தொட்டுப் பாத்து ஊத்துங்க. சுட்டுறப் போவுது."

முந்தின நாள் பெய்த மழையில் திடல் முழுக்க மூடுபனி. ஐந்தாம் குழிக்குப் பந்தை அடிக்கும் மேட்டில் நின்று பார்த்தால் மரங்களுக்குத் தலை இல்லை. அடிமரங்கள் மட்டும் வரிசையாக நின்றன, யாரோ வந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல. நான் உடம்பை நன்றாக வலது பக்கம் திருப்பிக்கொண்டு அடித்தேன்.

பந்து நேராகப் போனது.

என் ஆயுசில் அப்படி ஒரு அடி அடித்ததில்லை. ஃபேர்வே என்கிற புல்வெளிப் பாதைக்கு நடுவே, நூல் பிடித்தது போல, பனிக்குள் போய் மறைந்தது. விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை. நானும் மச்சானும் காத்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் மெதுவாகக் கேட்டான். "மச்சான், யாரு அடிச்சா இது?"

"நாந்தான்."

"நீங்க இல்ல லா" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரங்களுக்குள் போக இப்போது காரணம் இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கினேன். ஒன்றுக்குப் போகிறவன் பையோடு போவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். பையோடே நடந்தேன்.

உள்ளே கால் வைத்ததும் சாலைச் சத்தம் நின்றது. அந்தத் திடலில் எங்கே நின்றாலும் பெரிய சாலையில் போகும் லாரிகளின் இரைச்சல் கேட்கும். அன்று அது கதவைச் சாத்தியது போல நின்றுபோனது. நான் முதல் மரத்திலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தேன். ஏழாவது மரத்தடியில் ஒரு வேர் மடக்கிய முழங்கால் போலத் தூக்கி நிற்கும். அதன் மேல்தான் பாலை ஊற்றுவேன். அன்று ஏழாவது மரத்தடியில் வேர் இல்லை. தரை சமமாக இருந்தது.

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு முதல் மரத்துக்குத் திரும்பிப் போனேன். இந்த முறை ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு, வாய்விட்டு எண்ணினேன். ஏழாவதில் வேர் இல்லை. எட்டாவதில் இருந்தது. சரி, மொத்தம் எத்தனை என்று கடைசிவரை போனேன். பத்து. அந்தக் கோடியிலிருந்து திரும்பி எண்ணினேன். பதினொன்று.

பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. அண்ணாந்து பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம் இருட்டினால் இலையை மடக்கும், விடிந்தால் விரிக்கும். எல்லா மரமும் விரித்திருந்தது. ஒன்று மட்டும் இலைகளை மடக்கிக்கொண்டு இன்னும் தூங்கியது. அதன் மேலும் அதே வெயில்தான் அடித்தது.

அந்தக் கோடியில் நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. அன்றைக்கு நாங்கள் வந்தது இந்தப் பக்கமிருந்து. லயம் இந்தப் பக்கம்தான் இருந்தது. குழி வெட்டியவர் ஏழு என்று எண்ணினால் இங்கிருந்துதான் எண்ணியிருப்பார். நான் முப்பது வருடமாக அந்தப் பக்கமிருந்து, கோல்ஃப் மேட்டிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். சரி, இங்கிருந்தே ஏழாவதுக்கு நடக்கலாம் என்று காலை எடுத்தேன். எந்த ஏழாவது? தொட்டு எண்ணும்போதே ஒரு மரம் கூடிக் குறைகிற வரிசையில் ஏழாவதை எப்படிப் பிடிப்பது?

அப்போது மச்சான் கூப்பிட்டான். "மச்சான்." குரல் ஃபேர்வே பக்கமிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், பழைய இடுகாட்டுப் பக்கமிருந்து வந்தது. இந்த மாதிரி இடத்தில் மூன்று தடவை கூப்பிடாமல் திரும்பக்கூடாது என்று தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது வரவில்லை.

இந்த வயதில் என்னால் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று எனக்கே தெரியாது.

மச்சான் மேட்டிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டாயா என்று கேட்டேன். வாயில் ரொட்டியோடு இல்லை என்று தலையாட்டினான். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன், பால் போத்தலைக் காட்டினேன். அக்காவுக்கு ஒரு குழந்தை இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். இங்கேதான் என்பது தெரியாது. சமீபத்தில் மரம் எதையாவது வெட்டினார்களா என்று கேட்டேன். ஒரு கிளை கூட வெட்டவில்லை என்றான். பிறகு, எனக்கு எண்ணத் தெரியாது என்பதை நிரூபிக்க, எழுந்து நின்று விரலை நீட்டி அவனே எண்ணினான்.

"பத்து" என்றான். விரல் திரும்பி வந்தது. "இருங்க." மறுபடி போனது. "பதினொன்னு லா."

அதற்குப் பிறகு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. என் பந்தைத் தேடி ஃபேர்வே நெடுக நடந்தோம். நான் சனிக்கிழமை என் கையால் வெட்டிய புல், ஒட்ட வெட்டியது. ஒரு பாக்கு கிடந்தாலும் தெரியும். பந்து இல்லை. ஆறாம் குழிக்குப் போகாமல் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சாலையோரக் கால்வாய் பக்கம் போய் போத்தல் மூடியைத் திறந்தேன். ஊற்றிவிட்டு, வழக்கம்போல ஆச்சு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். முப்பது வருடமாக என் சொல்லைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்ததும் மூடியை மறுபடி திருகினேன்.

போத்தலை மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஊத்தலையா?"

எந்த நேரத்திலும் எனக்கு ஒரு கோமாளிப் பேச்சு வாய்க்கு வந்துவிடும். அன்று வரவில்லை. "எந்த மரம்னு எனக்குத் தெரியல" என்றேன். "இந்த வருசம் மட்டும் இல்ல. எப்பவாச்சும் தெரிஞ்சிருந்துச்சான்னே தெரியல."

அவள் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள். அந்தப் பாலை எடுத்துப் போய்க் கொல்லையில் வாழைக்கு ஊற்றினாள். ஒரு வாரம் சமைத்தாள், துவைத்தாள், சாப்பிடுங்க என்பதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் எழுந்தபோது தலைக்குக் குளித்து, சேலை கட்டி, அடுப்படியில் ஒரு பெரிய சட்டிப் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு போத்தல்.

"நானும் வரேன்."

பொம்பளைங்க அங்கே வரக்கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அங்க இப்ப பொம்பளைங்க கோல்ஃப் விளையாடுறாங்கல்ல?" என்றாள்.

மச்சான் திடலுக்குள் ஓடும் பகி வண்டியில் எங்களைக் கொண்டுபோய் ஐந்தாம் குழி மேட்டில் இறக்கிவிட்டு, ஆபீஸ் ஆள் வந்தால் விசிலடிக்கிறேன் என்று அங்கேயே நின்றுகொண்டான். நல்ல வெயில். ஆனாலும் மரங்களுக்குள் நுழைந்ததும் லாரிச் சத்தம் நின்றது. அவளும் நின்று காதைத் தடவிக்கொண்டாள். எந்த மரத்துக்கு ஊற்றினீர்கள் என்று அவள் கேட்பாள், எதைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவள் கேட்கவே இல்லை. முதல் மரத்தடியில் குனிந்து, போத்தலை விரலால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் பால் ஊற்றினாள். அடுத்த மரத்துக்கு நடந்தாள். அங்கேயும் கொஞ்சம்.

பால் வேர்களின் மேல் வெள்ளையாக வழிந்து, பள்ளத்தில் தேங்கி, எறும்புகளை நனைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு மரத்தடியிலும் அப்படித்தான். நான் மற்ற போத்தல்களைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். எண்ணிக்கொண்டு வந்த வாயை வேண்டுமென்றே மூடிக்கொண்டேன்.

ஒரு மரத்தடியில் ஊற்றிய பால் வழியவில்லை, தேங்கவில்லை. விழுந்த இடத்திலேயே போய்விட்டது. ஈரத் தடம்கூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் போனது. போத்தல் காலியானது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். அடுத்த போத்தலைக் கொடுத்தேன். அதில் பாதிவரை ஊற்றினாள், பசித்திருந்த பிள்ளைக்குப் புகட்டுவது போல, நிறுத்தி நிறுத்தி. அப்புறம்தான் பால் மண்ணுக்கு மேல் நின்றது. முந்தானையால் போத்தலின் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுத்த மரத்தைப் பார்த்தாள்.

"மீதி மரத்துக்கும் ஊத்தணுமா?" என்றேன்.

"மத்தவங்க புள்ளைங்களும் இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.