மாடிப்படியில் மாட்டிய பீரோ

ஒரு மானக்கேட்டை ஒப்புக்கொள்கிறேன். இன்று எங்கள் பீரோவின் நசுங்கிய மூலையைத் துடைத்தபோது 1993 ஞாபகம் வந்தது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் குடியிருந்தோம். ராஜபாளையத்திலிருந்து பீரோ வந்திறங்கிய காலையில், ஒன்பது மணிக்குக் கல்லூரியில் நான் எடுக்கவேண்டிய வடிவியல் இயற்கணித வகுப்பு. ரோபோ கையைத் திருப்பும் கணக்கு.

"மொதல்ல சாய்ச்சிட்டுப் பொறவு திருப்பணும் சார்," என்றார் சுமை தூக்க வந்த அண்ணாச்சி.

"எதை மொதல்ல செஞ்சா என்ன அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணுதான். திருப்புங்க," என்றேன், மேல்படியில் நின்றபடி.

திருப்பினார், சாய்த்தார். பீரோ மூலை நசுங்கிப் படிக்கட்டை அடைத்துக்கொண்டது. இறங்க வேறு வழியில்லை.

"படிச்சவிய சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். செத்த நேரம் இருங்க, டீ குடிச்சிட்டு வாரேன்," என்றார் கீழிருந்து.

"காலேஜுக்குப் போன் போட்டு என்னன்னு சொல்ல?" என்றாள் மனைவி.

வகுப்பு போயிற்று. உங்களில் யாராவது சொந்தப் பீரோவால் சிறைப்பட்டதுண்டா?

அன்று நான் நடத்தவேண்டிய பாடம்: சுழற்றும் வரிசை மாறினால் முடிவும் மாறும்.